அசையாத போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எது?

கிளட்ச் மாற்றும் வேலையில் கிளட்சைத் தொடும் நேரம் ரொம்பக் குறைவு. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அது ஒளிந்திருப்பதால், சுற்றியுள்ளதைக் கழற்றுவதிலேயே நேரம் போய்விடும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்னும் குறைவு. எக்ஸாஸ்ட் குழாயை இறக்க வேண்டும், அப்புறம் டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம். மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தையும் கழற்றியாக வேண்டும். போர்ஷே 944-இல் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் இரண்டையும் இணைக்கும் டார்க் டியூப். முன்னால் இருக்கும் கிளட்சை எடுக்கப் பின்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். இத்தனை போல்ட்டுகளில் ஒன்று வர மறுத்தாலும் மொத்த வேலையும் நிற்கும்.

பெரும்பாலும் அது, கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்கின் உச்சியில் இருக்கும் போல்ட்டாகத்தான் இருக்கும். கை போகாத இடம். இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒன்றோடொன்று மாட்டி, கியர்பாக்ஸின் முதுகு வழியாக நீட்டி, சாக்கெட் சரியாக உட்கார்ந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துத்தான் திருப்ப முடியும். ஒருமுறை இப்படித் திருப்பும்போது போல்ட் நகர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பிடியைத் தளர்த்தியதும் கைப்பிடி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. முறுகிக்கொண்டது எக்ஸ்டென்ஷன் கம்பி. போல்ட் இம்மிகூட அசையவில்லை.

அதை அப்படிப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்யலாம் என்பது பாதி புரிந்துவிடும்.

போல்ட் ஒரு ஸ்பிரிங். மிக விறைப்பான ஸ்பிரிங். முடுக்கும்போது அது நீள்கிறது. சாதாரணமாகப் பயன்படும் 8.8 என்ற வலிமைத் தரமுள்ள எம்10 போல்ட்டை, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை, 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கினால், அதன் தண்டில் ஏறக்குறைய 26,000 நியூட்டன் இழுவிசை நிற்கும். இரண்டரை டன் எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். 60 மில்லிமீட்டர் நீளத் தண்டு இதில் சுமார் 0.13 மில்லிமீட்டர் நீள்கிறது. கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துப் பிடிப்பது சுருங்கத் துடிக்கும் இந்தத் தண்டுதான்.

மரை என்பது தண்டைச் சுற்றி ஏறும் ஒரு சரிவுப் பாதை. எம்10 போல்ட்டில் அந்தச் சரிவு வெறும் 3 டிகிரி. இவ்வளவு மெல்லிய சரிவில், அதிர்வு இல்லாதவரை உராய்வே ஜெயிக்கும். அதனால்தான் போல்ட் தானாகக் கழன்று வருவதில்லை. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் பாதியளவு தலைக்கு அடியிலும், சுமார் 40 சதவீதம் மரையிலும் உராய்வில் போய்விடுகிறது. தண்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது 10 சதவீதம் அளவுக்குத்தான். கழற்றும்போது நீண்ட தண்டு சுருங்க முயல்வதால் அது நமக்கே உதவி செய்யும். எனவே சுத்தமான மரையுள்ள போல்ட்டைக் கழற்ற, முடுக்கியதைவிடக் குறைந்த பலமே போதும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது துரு. இரும்பு துருவாகும்போது பழைய இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையே இருந்த நூலிழை இடைவெளியில் அது ஆப்பு அடித்தது போல இறுகுகிறது. பெல் ஹவுசிங் அலுமினியம், போல்ட் எஃகு என்பதால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. இரண்டு உலோகங்களும் உப்புநீரில் நனைந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். கழன்று வந்த போல்ட்டின் மரையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது இந்த அரிப்பின் மிச்சம்.

சரி, பலத்தைக் கூட்டினால் என்ன? போல்ட் கழற்றும் நீளக் கைப்பிடிக் கம்பியான பிரேக்கர் பார் 60 சென்டிமீட்டர் இருந்தால், அதன் நுனியில் 20 கிலோ எடை அளவுக்கு இழுத்தாலே கிட்டத்தட்ட 120 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். ஆனால் அந்த எம்10 போல்ட்டின் தண்டை முறுக்கியே ஒடிக்க 70 நியூட்டன் மீட்டர் அளவு போதும். தலைக்கு அடியில் உராய்வு கொஞ்சத்தை விழுங்கினாலும், மீதி முழுவதும் தண்டின் மேல்தான் விழும். தலை திரும்புகிறது, மரை நகரவில்லை, நடுவில் தண்டு பிழியப்படுகிறது. இதைக் கை உணரும். நல்லபடியாகக் கழலும் போல்ட் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். ஒடியப்போகும் போல்ட் சத்தமே இல்லாமல், மெழுகைத் திருப்புவது போல மெத்தென்று சுழலும். அந்த மெத்தென்ற உணர்வு வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். கார் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும்போது நீளக் கம்பியை உடம்பு பலத்தோடு இழுப்பது இன்னொரு வகையிலும் ஆபத்து. காரே சாயலாம்.

எனவே முதல் உதவி எண்ணெய். துரு இளக்கும் எண்ணெய் மரைக்குள் போவது நுண்துளை ஈர்ப்பால். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடுக்கில் அந்த ஈர்ப்பு, எண்ணெயை அரை மீட்டர் உயரத்துக்கே ஏற்றிவிடும் அளவுக்கு வலுவானது. குறை வேகத்தில்தான். 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் வகுத்த சமன்பாட்டின்படி, எண்ணெய் போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை மாட்டினால் எண்ணெய் முதல் ஓரிரு மரைகளைத்தான் தொட்டிருக்கும். முதல்நாள் மாலையே அடித்து வைத்து, இரவில் இன்னொரு முறை அடித்தால் பலன் நன்றாகத் தெரியும்.

அடுத்தது தட்டுதல். 1969-இல் ஜெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர், முடுக்கிய போல்ட்டுகள் ஏன் தானாகத் தளர்கின்றன என்று விளக்கினார். இணைப்பு பக்கவாட்டில் அதிரும்போது பரப்புகள் கணநேரம் வழுக்குகின்றன. அந்தக் கணத்தில், திரும்புவதைத் தடுக்கும் உராய்வு காணாமல் போகிறது. வண்டி ஓடும்போது ஆபத்தாக இருக்கும் அதே விஷயம் கழற்றும்போது கைகொடுக்கும். போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் துருப்படலத்தில் விரிசல் விழும். எண்ணெய்க்கும் வழி கிடைக்கும். இம்பாக்ட் ரெஞ்ச் செய்வதும் இதுதான். உள்ளே ஒரு சுத்தியல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அடிக்கிறது. ஒவ்வொரு அடியும் மிகக் குறுகியது. அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றிவிட வேண்டாம். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று முடுக்கி, மறுபடி கழற்றினால் உடைந்த துருத் தூள் மரையில் சிக்காமல் வெளியே வரும். சாக்கெட் எப்போதும் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலைக்கு மிக அருகில் அழுத்துவதால் மூலை மழுங்கிவிடும்.

இதற்கும் அசையாவிட்டால் சூடு. எனக்கு மிகவும் பிடித்த உபாயம் இதுதான், ஏனென்றால் இங்கே உலோகத்தின் இயல்பே நமக்காக வேலை செய்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 10 மில்லிமீட்டர் போல்ட் இறங்கியிருக்கும் அலுமினியத்தை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை சுமார் 0.035 மில்லிமீட்டர் விரியும். போல்ட்டும் அதே அளவு சூடானாலும் 0.018 மட்டுமே. வித்தியாசம் தலைமுடியின் தடிமனில் கால் பங்குகூட இருக்காது, ஆனால் இறுகிய அரிப்புத் தூளின் பிடியைத் தளர்த்த அதுவே பெரிது. எஃகு நட்டு எஃகு ஸ்டட்டில், அதாவது தலையில்லாத மரைக் கம்பியில், மாட்டியிருந்தால், எக்ஸாஸ்ட் பக்கம் பார்ப்பது போல, நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். ஸ்டட் சூடாவதற்குள் திருப்ப வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எஃகு சிவந்து தன் சூட்டைக் காட்டிக்கொடுக்கும். அலுமினியம் அப்படிக் காட்டாது. 660 டிகிரியில் உருகும், வார்ப்பு அலுமினியம் அதற்கும் முன்னாலேயே வலுவிழக்கும், அதுவரை நிறத்தில் மாற்றமே தெரியாது. அதனால் அலுமினியத்துக்கு ஹீட் கன்னே நல்லது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீயைக் காட்டக் கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். பெட்ரோல் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்த பிறகே டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும்.

எல்லா போல்ட்டும் கழன்றும் கியர்பாக்ஸ் வராமல் அடம்பிடிப்பதுண்டு. ஒன்று, எங்காவது ஒரு போல்ட் மறந்துபோயிருக்கும். இல்லையென்றால், நிலையைச் சரியாக வைக்கும் எஃகு டவல் பின்கள் அலுமினியத்தோடு அரித்து ஒட்டியிருக்கும். கியர்பாக்ஸை ஜாக்கில் தாங்கி, பின்கள் இருக்கும் பக்கங்களில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். அதன் எடையை ஒருபோதும் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கவிடக் கூடாது.

உள்ளே போனால் இறுக்கத்தின் காரணம் மாறும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்குள், டயஃப்ரம் ஸ்பிரிங் என்ற வட்டத் தகடு ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது. ஒரு போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் மிச்சமுள்ளவற்றின் மேல் பாரம் கோணலாக ஏறும், கவர் வளையும். எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தி வருவதே முறை. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டில் பூட்டிய கனத்த சக்கரம்தான் ஃப்ளைவீல். அதன் போல்ட்டுகளைப் பிடிப்பது பல கார்களில் துரு அல்ல, மரைப் பசை. காற்றில்லாத இடுக்கில், உலோகம் தொட்டதும் கெட்டியாகும் பசை அது. அமெரிக்க வேதியியலாளர் வெர்னன் கிரீபிள் 1950-களில் உருவாக்கியது. வலுவான ரகம் 250 டிகிரியை நெருங்கும்போதுதான் இளகும். பிரேக்கர் பாரால் திருப்பினால் கிராங்க்ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும் என்பதால் ஃப்ளைவீலைப் பூட்டும் கருவி வேண்டும். பல கார்களில் இந்தப் போல்ட்டுகள் நிரந்தரமாக நீளும் வரை முடுக்கப்படுகின்றன. அவற்றை மறுபடி போடக் கூடாது, புதியவைதான்.

திரும்பப் பூட்டும்போது மரைகளைத் துடைத்து, அலுமினியத்தில் இறங்கும் வெளிப்புற போல்ட்டுகளுக்கு மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைக் கொஞ்சமாகத் தடவலாம். உராய்வு குறைந்துவிட்டதால் அதே முறுக்குவிசை தண்டை அதிகமாக இழுக்கும், ஆகவே தயாரிப்பாளர் உலர்ந்த மரைக்குக் கொடுத்த எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் பக்கம் அந்தப் பசையின் வாசமே போகக் கூடாது. புது கிளட்ச் பிளேட்டில் ஒரு விரல் ரேகை அளவு பட்டாலும் துடைத்துவிட்டுத்தான் மேலே பூட்ட வேண்டும்.