அந்த எண்ணெய்க் கறையைத் துடைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு கான்ஸ் கூடைப்பந்து அட்டை. மறுபடியும் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல். “கறையை முக்கால்வாசி போக்கிவிட்டேன், மிச்சத்தை நீங்கள் போக்கித் தாருங்கள்” என்றார் கொண்டுவந்தவர். அவர் போக்கவில்லை, பரப்பியிருந்தார். நாணய அளவில் இருந்திருக்க வேண்டிய மஞ்சள் புள்ளி, பழுப்பு விளிம்பு கட்டிக்கொண்டு பாதி அட்டையை விழுங்கியிருந்தது. ஒஹாயோவில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் வேலை எனக்கு. இந்த ஊர்ப் பரண்களிலிருந்து இறங்கும் அட்டைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். எனவே இதை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கான்ஸ் என்பது இங்கே ஒஹாயோவில், சின்சினாட்டியில் தொடங்கிய இறைச்சி நிறுவனம். 1957இல் ராயல்ஸ் கூடைப்பந்து அணி ராச்செஸ்டரிலிருந்து அங்கே குடிபெயர்ந்ததும், வீரர்களின் படங்களை அட்டையில் அச்சிட்டு சாசேஜ் பொட்டலங்களோடு கொடுக்கத் தொடங்கினார்கள். 1965-66 பருவம் வரை இது நடந்தது. நாடு முழுக்க விற்ற பபிள்கம் அட்டைகளைப் போல் அல்லாமல், அந்த வட்டாரத்தில் சாசேஜ் வாங்கிய வீடுகளுக்கு மட்டுமே இவை போயின. பிள்ளைகள் விளையாடிக் கிழித்ததுபோக மீந்தவைதாம் இன்று நம் கையில் உள்ளவை. லாஸ் ஏஞ்சலஸில் பெல் பிராண்ட் சிப்ஸ் நிறுவனம் 1961-62இல் வெளியிட்ட லேக்கர்ஸ் அணி அட்டைகளும் இதே இனம். புகழ்பெற்ற வீரர்களான ஆஸ்கர் ராபர்ட்சனும் ஜெர்ரி வெஸ்ட்டும் ஃப்ளீர் என்ற பபிள்கம் நிறுவனத்தின் 1961-62 தொகுப்பில் வருவதற்கு முந்தைய ஆண்டே கான்ஸ் அட்டையில் வந்துவிட்டார்கள்.

என்னிடம் வந்தது அதைவிட அரியது: 1957-58இன் மாரிஸ் ஸ்டோக்ஸ். 1958 மார்ச்சில் ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, சில நாள்களில் உடல் செயலிழந்துபோனவர் அவர். சக வீரர் ஜாக் ட்வைமன் சட்டப்படி காப்பாளராகிக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் டாப்ஸ் என்ற பபிள்கம் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் இருவருமே உண்டு. ஆனால் சொந்த ஊர்ச் சாசேஜோடு வந்த ஸ்டோக்ஸ் வேண்டுமென்றால் கான்ஸ்தான். அதன்மேல் பெட்ரோல்!

இப்போது என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். கறை என்பது அட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் அழுக்கு, சரியான திரவம் கிடைத்தால் எழுந்து போய்விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அறுபது ஆண்டுக்கும் மேலான கொழுப்புக் கறை அப்படிப்பட்டதல்ல. காற்றோடு வினைபுரிந்து, இறுகி, காகித நாரோடு நாராகிவிட்டது. நீங்கள் ஊற்றும் கரைப்பான் இறுகியதை விட்டுவிட்டு, இளகியதை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடும். எங்கே உலர்கிறதோ அங்கே ஒரு கோட்டைப் போட்டுவிட்டு ஆவியாகிவிடும். ஸ்பிரிட் ஆனாலும் அசிட்டோன் ஆனாலும் இதே கதைதான். சமையலறைச் சோப்பைப் பற்றி நான் பேசக்கூட விரும்பவில்லை.

இன்னொன்று. கறை விலையைக் குறைக்கும், உண்மை. தர மதிப்பீட்டு நிறுவனம் கறையுள்ள அட்டைக்குச் சிறிய தர எண் கொடுக்கும். ரசாயனம் பட்டது தெரிந்துவிட்டால் எண்ணே கொடுக்காது, ‘மாற்றப்பட்டது’ என்று எழுதித் திருப்பிவிடும். ஓரம் கிழிந்திருக்கிறதே என்று கத்தரியால் நேராக்கியவர்களுக்கும் அதே முத்திரைதான். சாசேஜோடு வந்த அட்டையில் எண்ணெய் இருப்பது அதன் பிறப்புச் சான்றிதழ். துளிக் கறையும் இல்லாமல் பளிச்சென்று ஒன்று வந்தால்தான் நான் பூதக்கண்ணாடியை எடுப்பேன்.

எடுக்கவும் வேண்டும். 1957-58 அட்டை கறுப்பு வெள்ளை, பின்புறம் வெற்று. போலி செய்பவனுக்கு இதைவிட வசதி ஏது? பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிந்தால் வீட்டு அச்சுப்பொறியின் வேலை. புற ஊதா விளக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த விளக்கில் ஒளிரும் வெளுப்பூட்டிகள் 1950களிலேயே காகித ஆலைகளுக்குள் வந்துவிட்டன. இந்தக் காலத்து அட்டை ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் தீர்ப்பு ஆகாது. 1930களின் அட்டைக்கு அந்த விளக்கு நல்ல சாட்சி, இதற்கு அல்ல.

பி.வி.சி. உறையில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், விலை அதிகமில்லை. லேமினேஷன் செய்யாதீர்கள், அதைப் பிரிக்க என்னாலும் முடியாது. செல்லோடேப் கூடவே கூடாது. பரணில் வைக்காதீர்கள், கோடை வெப்பமும் குளிர்கால ஈரமும் மாறி மாறித் தாக்கும். கறையைப் பார்த்துக் கை அரித்தால், தயவுசெய்து முதலில் இரு பக்கமும் படம் எடுத்து யாராவது காகிதப் பாதுகாப்பாளருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் “சும்மா விடுங்கள்” என்றுதான் பதில் வரும், அதற்குக் கட்டணமும் இருக்காது.

ஏற்கெனவே ஏதாவது ஊற்றிவிட்டீர்களா? காற்றோட்டமான இடத்தில், வெள்ளை உறிஞ்சுதாள் மேல் தட்டையாக வைத்துத் தானாக உலர விடுங்கள். மேலும் துடைக்க வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம், அருகில் அடுப்பு எரிய வேண்டாம். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். ஆம், அப்படியும் ஒன்று வந்திருக்கிறது.