டிரிம்முக்குள் ஒரு சப்வூஃபர்

மதுரையில் கார் டெக்கார் கடைக்குப் போய் "பேஸ் வேணும்" (பாட்டில் 'தொம் தொம்' என்று அதிரும் தாழ்ந்த ஒலி) என்றால், டிக்கியை அடைக்கிற ஸ்பீக்கர் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். குடும்பத்தோடு அழகர்கோயில் போகிறவருக்கு டிக்கி வேண்டுமே! பின்சக்கர வளைவை ஒட்டி, உள்பக்கத் தகட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான டிரிம்முக்குள் சும்மா கிடக்கும் இடத்தில் எட்டு இன்ச் சப்வூஃபரை, அதாவது பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரை, ஒளித்துவிடலாம்.

ஒளித்து வைத்தாலும் பேஸ் கெடாது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ் பேஸுக்கு ஓர் அலையின் நீளம் 7 மீட்டர். அவ்வளவு நீள அலை இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேர்வதால், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கஷ்டம். காரின் உள்நீளமோ அந்த அலையில் பாதிகூட வராது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வந்தால் கார் முழுக்க அழுத்தம் ஏறும், பின்னே போனால் இறங்கும். திறந்தவெளியில் எட்டு இன்ச்சால் முடியாத அடி பேஸ் காருக்குள் கிடைப்பது இதனால்தான். கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், மெலிந்துவிடும்.

சரி, டிரிம்மில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டினால் போதுமா? பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது. டிரிம்மின் ஓரச் சந்துகள் வழியாக இரண்டும் கலந்தால் பேஸ் அங்கேயே செத்துவிடும். அதனால் பின்னால் காற்றுப் புகாத தனிப் பெட்டி வேண்டும். அந்தக் கோணல்மாணல் இடத்துக்கு மரப்பலகை சரிப்படாது. கண்ணாடி இழையும் ரெசினும் வைத்து அச்சு எடுப்பார்கள். எட்டு இன்ச்சுக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கொள்ளளவு இருந்தால் நல்லது. உள்ளே அடைபட்ட காற்றுதான் கூம்பைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங். இடத்தைக் குறைத்தால் அது விறைத்து, 'தொம்' என்பது 'டொப்' ஆகிவிடும்.

இன்னொன்று, பல கார்களில் உள்காற்று வெளியேறும் ரப்பர் மடல்கள் பின் பம்பருக்குப் பின்னால், இதே மூலையில்தான் இருக்கும். பெட்டி அதை அடைத்தால் கதவு லேசில் சாத்தாது, மழையில் கண்ணாடியில் ஆவி படியும்.

ஒயரிங்கில் விளையாட்டு வேண்டாம். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் 300 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) முழு வேகத்தில் ஏறக்குறைய 27 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. அது காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. எர்த் கொடுக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். ஏர்பேக் ஒயர் போகும் தூண்களைத் தொடவே கூடாது.

அப்புறம் கடகடப்பு. அதிர்வை அடக்க உள்ளே ஷீட் ஒட்டுவார்கள். தார் ஷீட் சித்திரை வெயிலில் இளகி நாறும்; காசு கூடினாலும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டே மேல். வேலை முடிந்ததும் ஒரு சோதனை ஒலியைப் போட்டு, 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே டிரிம்மைக் கையால் அமுக்குங்கள். எங்கே அமுக்கியதும் சத்தம் நிற்கிறதோ, அங்கே கிளிப்புக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டுங்கள்.