பிணையாளி: ஜாமீன் கையெழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

"அண்ணே, ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்." மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல. தம்பி கார் வாங்குவான், மச்சான் வீடு வாங்குவார், அக்காள் மகள் கல்விக் கடன் கேட்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். அந்த வாக்கியத்தில் உள்ள 'மட்டும்' என்ற சொல்தான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. நாம் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பதை நம் மொழியிலேயே துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால், பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வியாவது கேட்போம்.

ஜாமீன் தமிழ்ச் சொல் அன்று. பொறுப்பேற்பவர் என்று பொருள்படும் 'ளாமின்' என்ற அரபுச் சொல், பாரசீகம், உருது வழியாக நம்மிடம் ஜாமீன் ஆனது. மலாய் மொழியின் 'ஜாமின்' என்பதற்கும் வேர் அதுவே. அதிலிருந்து பிறந்தது 'பெஞ்சாமின்', அதாவது ஜாமீன் நிற்பவர். வங்கிப் படிவத்தில் அந்தத் தலைப்பின் கீழ்தான் நம் பெயர், அடையாள அட்டை எண், சம்பள விவரம் எல்லாம் எழுதப்படுகின்றன. கடன் வாங்குபவருக்கான மலாய்ச் சொல் 'பெமின்ஜாம்'. இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பவை. அவசரத்தில் படிவத்தைப் புரட்டுகிறவர்கள் எந்தக் கட்டத்தில் தம் பெயர் நிற்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் ஒரே கடன் பத்திரத்தில் மூன்று வகைக் கையெழுத்துகள் வரலாம். கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்வது சாட்சிக் கையெழுத்து. மலாயின் 'சக்சி'யும் நம் சாட்சியும் ஒரே வடமொழிச் சொல்லின் பிள்ளைகள். சாட்சி கடனைக் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, கடனைத் தானும் சேர்ந்து வாங்குபவரின் கையெழுத்து. இவரைக் கூட்டுக் கடனாளி எனலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக் கடன் வாங்குவது இந்த வகை. 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்று பத்திரத்தில் இருந்தால், பாதிக் கடன் என் பங்கு என்ற கணக்கு அங்கே செல்லாது. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் வங்கி கேட்கலாம்.

மூன்றாவதுதான் ஜாமீன் கையெழுத்து. பணம் ஒரு காசும் கைக்கு வராது. காரோ வீடோ இவர் பெயரில் இருக்காது. ஆனால் வாங்கியவர் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். இவருக்கு உரிய தமிழ்ப் பெயர் பிணையாளி அல்லது பிணையாளர். செயல், பிணை நிற்றல்.

பிணை எவ்வளவு பொருத்தமான சொல் என்பதை எண்ணி மகிழாமல் இருக்க முடியவில்லை. பிணைதல் என்றால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுதல், கட்டுண்ணுதல். பூக்களைச் சேர்த்துக் கட்டிய மாலை பிணையல். கட்டிலிருந்து எளிதில் கழன்றுகொள்ள முடியாது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மலாயும் இதே வழியில் சிந்தித்திருக்கிறது: நீதிமன்ற ஜாமீனை 'இக்காட் ஜாமின்' என்பார்கள், இக்காட் என்றால் கட்டு. பழந்தமிழில் 'புணை' என்றும் ஒரு சொல் உண்டு. அதற்குத் தெப்பம் என்றும் பொருள், ஈடு என்றும் பொருள். பிணையாவதைப் புணைப்படுதல் என்று கல்வெட்டுத் தமிழ் சொல்கிறது.

உத்தரவாதம் என்ற சொல்லையும் சிலர் ஆள்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குக் கடைக்காரர் தருவதும் உத்தரவாதம்தான் என்பதால், கடன் விஷயத்தில் அது நீர்த்துப்போய்விட்டது. பிணைக்கும் ஒரு சிக்கல் உண்டு: இலங்கைத் தமிழ் ஏடுகளில் பிணை என்றாலே நீதிமன்றப் பிணை. குழப்பம் வருமிடத்தில் கடன் பிணை என்று எழுதினால் தீர்ந்தது.

சட்டத்துக்கு வருவோம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 79ஆம் பிரிவில் பிணை ஒப்பந்தத்தை வரையறுக்கிறது. 81ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே பிணையாளியின் பொறுப்பும். "முதலில் அவனிடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று வங்கியைத் திருப்பி அனுப்பும் உரிமை பொதுவாகப் பிணையாளிக்கு இல்லை. கட்டிய பிறகு, அந்தப் பணத்தைக் கடனாளியிடமிருந்து சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமை மட்டும் உண்டு. கடனாளி தம்பியாக இருக்கும்போது வழக்குத் தொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

திவால் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் பிணையாளிகளுக்கு உண்மையான ஆறுதல். முன்பு, பிறர் கடனுக்குக் கையெழுத்திட்ட ஒரே காரணத்தால் ஓய்வுபெற்ற தந்தைகூடத் திவாலாக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. இப்போது 'பெஞ்சாமின் சோசியல்' என்ற வகையினர் மீது திவால் நடவடிக்கை எடுக்கவே முடியாது. இலாப நோக்கமின்றிக் கல்வி அல்லது ஆய்வுக் கடனுக்கும், சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் தவணைக் கொள்முதலுக்கும், தாம் வாழ்வதற்கென ஒருவர் வாங்கும் வீட்டின் கடனுக்கும் பிணை நிற்பவர்கள் இவர்கள். வணிகக் கடன் போன்ற மற்றவற்றுக்குப் பிணை நிற்பவர் மீது திவால் நடவடிக்கை எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். கடனாளியிடம் வசூலிக்க எல்லா வழியும் முயன்றாயிற்று என்று கடன் கொடுத்தவர் காட்டவும் வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு திவாலிலிருந்து மட்டுமே. பணத்துக்காக வழக்குத் தொடுக்கவும் தீர்ப்புப் பெறவும் வங்கிக்கு இன்றும் தடையில்லை.

'பெஞ்சாமின் சோசியல்' என்ற மலாய்ப் பெயரைச் 'சமூகப் பிணையாளர்' என்று தமிழில் எழுதினால் சமூகத் தொண்டு ஏதோ செய்பவர் போலத் தோன்றும். சட்டம் பார்ப்பது ஆதாயம் கருதினாரா இல்லையா என்பதை. எனவே 'ஆதாயமில்லாப் பிணையாளர்' என்பதே என் பரிந்துரை. நம் நாளிதழ்கள் அடுத்த முறை இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.