அதே ரத்தம், வேறு எண்

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் திறனை அறிய ஒரு சோதனை உண்டு. சுரப்பியைத் தூண்டும் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அது சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு 500 நானோமோலைத் தாண்டினால் கவலை இல்லை. மருத்துவர்கள் பலர் மனப்பாடமாக வைத்திருந்த எண் அது. புதிய சோதனை முறைகள் வந்த பிறகு அந்த எல்லைக்கோடு ஏறத்தாழ 400-க்கும் 450-க்கும் இடையே இறங்கிவிட்டது. சுரப்பி பழைய சுரப்பிதான். அளக்கும் விதம்தான் மாறியது.

ரத்தத்தில் ஹார்மோன்கள் மிகச் சொற்ப அளவிலேயே இருக்கின்றன. அவற்றை அளக்க 1950-களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானிகள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஒரு வழி கண்டார்கள். முதலில் அளந்தது இன்சுலின். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

அவர்களுடைய வழி கிட்டத்தட்ட சங்கீத நாற்காலி விளையாட்டுதான். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள்தாம் நாற்காலிகள். அவற்றின் எண்ணிக்கை குறைவு. அடையாளம் பூசிய ஹார்மோனும் நோயாளியின் ஹார்மோனும் இடத்துக்குப் போட்டியிடும். அடையாளம் பூசியவை எத்தனை உட்கார முடிந்தது என்று பார்த்தால், மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். அன்று கதிரியக்கம் அடையாளமாக இருந்தது, இன்று பெரும்பாலும் ஒளி.

சிக்கல் நாற்காலியில்தான். கார்டிசாலைப் போன்ற உருவமுள்ள வேறு ஸ்டீராய்டுகளும் அதில் உட்கார்ந்துவிடும். பிரெட்னிசோலோன் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் பழைய சோதனைகள் பல, அந்த மருந்தையும் கார்டிசாலாகவே எண்ணின. புதிய ஆன்டிபாடிகள் ஆள் பார்த்து இடம் கொடுக்கின்றன. எண் குறைந்தது அதனால்தான். புதிய கருவியில் வந்த முடிவைப் பழைய 500-உடன் ஒப்பிட்டால், சுரப்பி நன்றாக இருப்பவருக்கும் தேவையில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை எழுதப்படலாம்.

நிறை நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) என்ற இன்னொரு கருவி இந்த விளையாட்டுக்கே வருவதில்லை. மூலக்கூறை மின்னேற்றி, உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்க்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்றால் 289 என்ற நிறை எண் கொண்ட அயனி 97, 109 எனத் துண்டாகும். பெண்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் மிகக் குறைவு என்பதால் ஆன்டிபாடி முறை அங்கே அதிகம் தடுமாறும். இந்தக் கருவியின் அருமை அப்போது தெரியும். ஆனால் விலை அதிகம், கையாளத் தேர்ந்த ஆட்கள் வேண்டும்.

‘இயல்பு வரம்பு’ என்று அறிக்கையில் அச்சாகும் எண்களும் இயற்கை வகுத்தவை அல்ல. வழக்கமாகக் குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, இரு முனைகளிலும் 2.5 சதவீதத்தை வெட்டி, நடுவில் எஞ்சும் 95 சதவீதத்தை வரம்பாக வைக்கிறார்கள். ஆரோக்கியமான இருபது பேரில் ஒருவர் எப்படியும் வெளியே நிற்பார்!

ஆய்வகம் முறையை மாற்றும்போது ஒரே ரத்த மாதிரிகளைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஓட்டி ஒப்பிடும். பழைய எண்ணை எதனால் பெருக்கினால் புதிய எண் வரும் என்று நோயாளிகள் கேட்பது நியாயம்தான். தனி ஒருவருக்கு அப்படிப்பட்ட வாய்பாடு பெரும்பாலும் பலிக்காது. நாற்காலியில் அத்துமீறி உட்காரும் மூலக்கூறுகள் ஒருவர் ரத்தத்தில் கூட்டமாக இருக்கும், இன்னொருவர் ரத்தத்தில் அநேகமாக இருக்கவே இருக்காது.