பழைய உத்திரத்தை எடைக்குப் போடாதீர்கள்

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் இடித்தே விட்டார்கள். உத்திரம், கைமரம், தூண், நிலை எல்லாம் மாட்டுக் கொட்டகை ஓரமாகக் குவிந்து கிடந்தன. பழைய சாமான் வியாபாரி ஒருவர் மொத்தத்துக்கும் விலை பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எல்லாம் அடுப்புக் கட்டை சார், உளுத்துப் போச்சு" என்றார்.

பேனாக் கத்தியால் ஓர் உத்திரத்தின் ஓரத்தைச் சீவினேன். புகைக்கரிக்குக் கீழே தேன் நிறம், கூடவே தேக்குக்கே உரிய எண்ணெய் வாடை. வீட்டுக்காரர் சீவலை முகர்ந்து பார்த்துவிட்டு வியாபாரியிடம், "நாளைக்கு வாங்கண்ணே" என்றார். மறுநாள் அவர் வந்தபோது மரம் எல்லாம் கொட்டகைக்குள் ஏறியிருந்தது.

வீடு வடிவமைக்கும் தொழிலில் நான் அடிக்கடி பார்ப்பது இது. புது வீட்டு வாசல் நிலைக்கு அலைந்து திரிந்து தேக்கு வாங்குவார்கள். அதைவிட முதிர்ந்த தேக்கு அதே வாசல் வழியாக லாரியில் போய்க்கொண்டிருக்கும். பிறகு காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் அதுபோன்ற தூண் மெருகேறி நிற்பதைப் பார்த்து, என்ன அழகு என்று படம் எடுப்பார்கள்.

பழைய மரத்தைச் சோதிக்க ஒரு திருப்புளி போதும். நடுவில் குத்தாதீர்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனையில் குத்துங்கள். சுவரின் ஈரத்தை வாங்கிக் கெட ஆரம்பிப்பது அங்கேதான். திருப்புளி மாவில் இறங்குவது போல இறங்கினால், அந்த ஒரு முழத்தை அறுத்துத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். ஆணிகளை முழுக்கப் பிடுங்காமல் மரத்தை மில்லுக்கு அனுப்ப வேண்டாம். ரம்பம் போனால் மில்காரர் அடுத்த முறை உள்ளேயே விடமாட்டார்.

அந்த வீட்டில் பன்னிரண்டு உத்திரங்களில் ஒன்பது தேறின. முனைகளை அறுத்ததில் பதினோரு அடி ஒன்பதரை ஆனது. சரி, கூடத்தின் அகலத்தைக் குறைத்துவிட்டேன். வரைபடம் போட்டுவிட்டு அதற்கு மரம் தேடுவதைவிட, கையில் இருக்கும் மரத்துக்கு வரைபடம் போடுவது நல்லது என்பது என் அனுபவம்.

உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன். அடுப்பில் வைத்தால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து 30 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். உத்திரமாக இருக்கும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

புது மரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடைக்காரர் "பர்மா தேக்கு" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது வரும் கட்டைகளில் நிறைய ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்தவை. அதில் தவறில்லை, வைரம், அதாவது முற்றிய கெட்டிப் பகுதி, எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஓரத்தில் வெளுத்திருக்கும் பகுதி தேக்கேயானாலும் கரையானுக்குச் சோறுதான். பனையில் இது தலைகீழ்: வைரம் வெளியே, சோறு உள்ளே. புறத்தே வைரம் இருந்தால் புல், அகத்தே இருந்தால் மரம் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல்! ஆனால் பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும். பேராவூரணி வீட்டுக் கைமரம் எல்லாம் பழைய பனைதான்.

மரம் மழையால் அழிவதில்லை. நனைந்த பிறகு காய வழியில்லாமல் போவதால்தான் அழிகிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுத் தாழ்வாரத் தூண்களை, உறுதியாக நிற்கட்டும் என்று, அடியில் கான்கிரீட்டுக்குள் பதித்தேன். ஆறாவது வருடம் ஒரு தூணின் அடிப்பாகம் கையோடு வந்தது. கூரையில் வேலை செய்த பெரியவர் ஒருவர், "தம்பி, அந்தக் காலத்துல தூணுக்குக் கீழ கல்லு எதுக்கு வச்சான்னு நெனச்சீங்க, அழகுக்கா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் நான் கட்டிய எந்த வீட்டிலும் தூண் தரையைத் தொடாது. ஒரு முழம் உயரக் கல், அதன்மேல் தூண். கூரை மூன்றடியாவது வெளியே நீண்டிருக்கும்.

பேராவூரணி வீட்டில் பெரிய வாக்குவாதம் திண்ணைக்காக நடந்தது. வீட்டுக்காரர் ஏழடி மதில் கேட்டார். அவருடைய அம்மா திண்ணை கேட்டார். நான் அம்மா பக்கம். கொல்லையில் 2018 கஜா புயலில் சாய்ந்த வேம்பு ஒன்றை, விறகுக்குக் கொடுக்க மனமில்லாமல், அந்த அம்மா பலகையாக அறுத்து நிழலில் அடுக்கி வைத்திருந்தார். பலகைகளுக்கு நடுவே காற்றுப் போகக் குச்சிகூட வைத்திருந்தார்! இரண்டு வருடம் காய்ந்த பலகை. வளையவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலத்தில் தெருவைப் பார்த்த திண்ணைக்கு அதையே மேல்பலகையாகப் போட்டோம். மதில் பக்கவாட்டோடு நின்றது.

போன ஐப்பசியில் வீட்டுக்காரர் போன் செய்தார். எதிர்வீட்டுப் பாட்டி மத்தியானம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் முருங்கைக்கீரை ஆய்வார். "தம்பி, தூணடியில செல்லு மண்கோடு ஏறுது பாரு" என்று சொல்லியிருக்கிறார். இவர் தினமும் அந்தத் தூணைத் தாண்டித்தான் வண்டியை எடுக்கிறார், கண்ணில் படவில்லை. நான் போனபோது கரையான் கோடு கல்லைத் தாண்டி மரத்தில் நாலு விரற்கடைதான் ஏறியிருந்தது. சுரண்டிவிட்டு, கல்லடியில் மண்ணைத் தோண்டி மருந்து ஊற்றினோம். தூணில் குத்திப் பார்த்தேன், திருப்புளி இறங்கவில்லை. பாட்டி கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, அடுத்த தூணையும் பார்க்கச் சொன்னார்.