நெபுலா சாம்பல் நிறமாகத்தான் தெரியும், பிள்ளையைத் திட்டாதீர்கள்

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் வானம் காட்டப் போயிருந்தேன். ஆறாவது படிக்கும் மகளையும் ஆன்லைனில் வாங்கிய, முன் லென்ஸ் 70 மி.மீ. அகலமுள்ள டெலஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு ஓர் அப்பா வந்தார். "ஓரியன் நெபுலாவுல கலரே தெரியலங்கிறா சார். கண் டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டேன்." அந்தப் பிள்ளை தலை நிமிரவே இல்லை. இந்த மார்கழி, தைக்குள் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஓரியன் நெபுலா என்பது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு, தூசு மேகம். சிறிய டெலஸ்கோப்பில் அது சாம்பல் பூத்த புகையாகத்தான் தெரியும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரை செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அது முடியாது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களின் நிறங்களோ பக்கத்திலேயே போய் நின்றாலும் தெரியாதவை. அது பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரத்தைத் தூசு மூடியிருக்கும், சாதாரண ஒளி வெளியே வராது, அகச்சிவப்பு வந்துவிடும். எந்த அலைநீளத்துக்கு எந்த நிறம் என்று விஞ்ஞானிகள் கொடுத்துப் படமாக்குகிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும் உங்கள் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) அது வராது, வரவே வராது.

பெட்டியில் '675 மடங்கு' என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். 70 மி.மீ.க்கு 140 மடங்கைத் தாண்டினால் மங்கல்தான். நெபுலா முழுநிலவைவிட அகலமானது, 30 மடங்கில் தேடிப் பிடித்து 50க்குப் போனால் போதும்.

அன்று மைதானத்து ஹைமாஸ் விளக்கை அணைக்கச் சொன்னேன். அவள் தலைக்கு மேல் துண்டைப் போட்டு இருபது நிமிடம் இருட்டுக்குப் பழக விட்டேன். ஓரியனின் வரிசையான மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே டெலஸ்கோப்பைத் திருப்பி, "நேரா பார்க்காதேம்மா, ஓரமாப் பாரு" என்றேன். "புகைக்குள்ள நாலு புள்ளி இருக்கு சார்." ட்ரபீசியம்! நெபுலாவின் நடுவில் இருக்கும் நான்கு இளம் நட்சத்திரங்கள். பத்து லட்சம் ஆண்டு அளவில்தான் அவற்றுக்கு வயது. நம் சூரியனுக்கு 460 கோடி. அவள் பார்த்த ஒளி கிளம்பியது சுமார் 1,340 ஆண்டுகளுக்கு முன்பு, தஞ்சைப் பெரிய கோயில் எழும்புவதற்கு மூன்று நூற்றாண்டு முந்தி.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். வயல் பக்கம் பனி லென்ஸில் படியும். துணியால் தேய்க்காதீர்கள், கோட்டிங் போய்விடும், தானே உலரட்டும். செல்போனைத் தயவுசெய்து பையில் போடுங்கள், ஒருவர் திரையைத் திறந்தால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் இருபது நிமிடமும் போச்சு. டார்ச் வேண்டுமென்றால் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். பச்சை லேசரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, விமானிகளின் கண் கூசும்.

சில பெட்டிகளில் ஐபீஸில் திருகுகிற கறுப்புச் சூரிய ஃபில்டர் ஒன்று வரும். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். பகலில் டெலஸ்கோப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.