ஃபால்அவுட்: கதிரியக்கப் பொழிவு

‘கதிர்வீச்சு காற்றில் பரவியது’ என்று செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். கதிர்வீச்சுக்குக் காற்றின் தயவு வேண்டியதில்லை. ஒளியைப் போல அது தானே பாயும். காற்று சுமந்து போவது கதிரியக்கமுள்ள தூசியையும் நுண்துகள்களையும்தான். அவை கீழே வந்து விழுவதே ஃபால்அவுட்.

‘விழு’, ‘வெளியே’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள், அணுகுண்டுச் சோதனைக் காலத்தில் ஒட்டிப் பெயர்ச்சொல்லாயின. உலகம் அதன் பொருளை உணர்ந்தது 1954 மார்ச் 1-இல். பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ‘காசில் பிராவோ’ குண்டு, கணித்ததைவிட இரண்டரை மடங்கு வலிமையாக, 15 மெகாடன்னாக (ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி வெடிமருந்துக்குச் சமமாக) வெடித்தது. அபாய எல்லைக்கு வெளியே நின்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் சில மணி நேரத்தில் வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. வெடிப்பில் பொடியான பவளப்பாறை அது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். ஜப்பானியர் அந்தத் தூளுக்கு வைத்த பெயர் ‘மரணச் சாம்பல்’. என்னைக் கேட்டால், ஆங்கிலச் சொல்லைவிட நேர்மையான பெயர்.

தூசி எங்கே விழும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல். வானிலையாளர்களும் காற்றை அது வரும் திசையால்தான் அழைக்கிறார்கள். ஆகவே தென்கிழக்குக் காற்று தூசியை வடமேற்கே தள்ளும். ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தில் 2011 மார்ச் 15-இல் நடந்தது இதுதான். அதற்கு முன் துகள்களில் பெருமளவு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது; அன்று காற்று திரும்ப, மழையும் பனியும் துகள்களைத் தரையில் இறக்கின. அணு உலையைச் சுற்றி வட்டம் போட்டு மக்களை வெளியேற்றியிருந்தார்கள். காற்றுக்கு வட்டம் தெரியாதே.

இதைக் கணிக்கும் ‘பரவல் மாதிரி’, ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் கணினியில் மிதக்கவிடுகிறது. ஒவ்வொரு உயரத்திலும் அந்தந்த நேரத்துக் காற்று அவற்றைத் தள்ளும். உயரத்துக்கு உயரம் திசை மாறுவதால், ஒரே புகைத்திரளின் அடியும் முடியும் வெவ்வேறு ஊர்களில் இறங்கலாம்.

தமிழில் எதைச் சொல்வது? ‘வீழ்ச்சி’ என்றால் சரிவு. ‘வீழ்படிவு’ வேதியியலுக்குப் போய்விட்டது. ‘கதிரியக்கப் பொழிவு’ பொருந்துகிறது. பொழி என்றதும் அருள் நினைவுக்கு வருவது கொஞ்சம் உறுத்தினாலும். ஆங்கிலத்தில் அரசியல் நிகழ்வின் விளைவையும் ஃபால்அவுட் என்பார்கள்; அதற்கு மட்டும் ‘பின்விளைவு’ போதும். தரையில் தங்கியதை ‘படிவு’ என்று பிரித்துச் சொல்வது நல்லது. பொழிவு ஓய்ந்துவிடும், படிவிலுள்ள சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும்.